கணினி நிறுத்தமும் வலையிணைப்பும்: ஒரு விமர்சனம்

கணினி நிறுத்தத்தின்போது வலையிணைப்புகளைக் கையாளுதல் என்பது இயக்குதள வடிவமைப்பின் ஒரு பகுதியாகும். அணையப்போகும் கணினி, பிற கணினிகளுடன் தான் வைத்திருக்கும் இணைப்புகளை எந்த வரிசையில், எவ்வளவு நேரத்துக்குள், எத்தகைய அறிவிப்புடன் முடித்துக்கொள்ள வேண்டும் என்பதை இது வரையறுக்கிறது. கணினியைத் தொடங்குவது பற்றி எழுதப்பட்ட அளவுக்கு அதை நிறுத்துவது பற்றி எழுதப்படவில்லை. அணையும் கணினிக்கு இனி எதுவும் தேவையில்லை என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணம். ஆனால் நிறுத்தத்தில் செய்யப்படும் பிழையின் விளைவை அணைந்த கணினி அனுபவிப்பதில்லை. மறுமுனையில் காத்திருக்கும் கணினியும் அதன் முன் நிற்கும் மனிதருமே அனுபவிக்கின்றனர். இன்றைய இயக்குதளங்களின் நிறுத்த முறைகளை, மின்தடை வழக்கமான தமிழ்நாட்டுச் சிற்றூர் அலுவலகங்களின் நோக்கில் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பின்னணி

இணையச் சேவைகளில் பெரும்பாலானவை டிசிபி எனப்படும் பரப்பு கட்டுப்பாட்டு நெறிமுறையைச் சார்ந்து இயங்குகின்றன. 1981 செப்டம்பரில் ஆர்எஃப்சி 793 என்ற ஆவணமாக வெளியான இந்நெறிமுறை, 2022 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 9293 ஆகத் திருத்தி எழுதப்பட்டது. இந்நெறிமுறையில் இணைப்பு என்பது கம்பி அன்று. இரண்டு கணினிகளின் நினைவகங்களிலும் உள்ள இரண்டு பதிவுகளே இணைப்பாகும். எதுவரை அனுப்பியாயிற்று, எதுவரை வந்து சேர்ந்தது என்ற கணக்கை ஒவ்வொரு முனையும் தனித்தனியே வைத்திருக்கிறது. ஆகவே இணைப்பு முடிய வேண்டுமாயின் இரு பதிவுகளும் முடிய வேண்டும்.

இது மூன்று விதமாக நடக்கலாம். முதலாவது, ஒரு முனை 'முடிவுக் குறி' அனுப்புவது. "என்னிடம் அனுப்ப இனி ஒன்றும் இல்லை" என்பது இதன் பொருள். மறுமுனை அதை ஏற்றுத் தன் முடிவுக் குறியையும் அனுப்பியதும் இணைப்பு முறையாக முடிகிறது. இரண்டாவது, 'மீட்டமைப்புக் குறி' அனுப்பி இணைப்பைச் சட்டென்று முறிப்பது. இதில் வழியில் இருக்கும் தரவு இழக்கப்படலாம். ஆனால் இணைப்பு முறிந்தது இரு பக்கமும் தெரியும். மூன்றாவது, எந்தக் குறியும் அனுப்பாமல் ஒரு முனை மறைந்துபோவது. அப்போது மறுமுனையின் பதிவு மட்டும் உயிரோடு இருக்கும். இதை அரைத்திறப்பு இணைப்பு என்பர்.

அரைத்திறப்பு நிலை எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது எஞ்சியிருக்கும் முனை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அது தரவு அனுப்பிக்கொண்டிருந்தால், ஏற்பு வராததால் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும்; லினக்சில் இயல்பமைப்பின்படி ஏறத்தாழ கால் மணி நேரத்தில் கைவிடும். மாறாக, அது மறுமுனையின் பேச்சை எதிர்பார்த்துச் சும்மா காத்திருந்தால், இணைப்பு இறந்தது அதற்குத் தெரியவே தெரியாது. இதற்காக 'உயிர்ப்புச் சோதனை' என்ற வசதி உண்டு. ஆனால் 1989 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 1122, இச்சோதனை இயல்பாக முடக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும், இயக்கினாலும் அதன் இயல்பு இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்றும் விதித்தது. லினக்சு இன்றும் அவ்வாறே 7200 விநாடி காத்திருந்து, பின் 75 விநாடிக்கு ஒன்றாக 9 முறை கேட்டுப் பார்க்கிறது. மொத்தம் 2 மணி 11 நிமிடம் 15 விநாடி.

மறைந்த கணினி மீண்டும் இயங்கத் தொடங்கியிருந்தால், பழைய இணைப்பைப் பற்றி யாராவது கேட்டவுடன் அது மீட்டமைப்புக் குறி அனுப்பி, அப்படியொரு இணைப்பு தன்னிடம் இல்லை என்று தெரிவித்துவிடும். ஆனால் யாராவது கேட்க வேண்டும்.

தொட்டியம் போன்ற ஊர்களின் நிலை

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், காவிரியின் வடகரையில், திருச்சி–நாமக்கல் சாலையில் முசிறிக்கு மேற்கே உள்ளது தொட்டியம். வாழை சாகுபடிக்குப் பெயர்பெற்ற இப்பேரூர் வட்டத் தலைநகருமாகும். நிலப் பதிவு, சான்றிதழ், ஓய்வூதியம், கூட்டுறவுக் கடன் என்று சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் மக்கள் நாடிவரும் வேலைகள் பலவும் இன்று கணினி வழியே நடக்கின்றன. தமிழ்நாடு மாநிலப் பரந்த வலையமைப்பு சென்னையை மாவட்டத் தலைநகரங்களுடனும் வட்டங்களுடனும் இணைக்கிறது. மேசையில் உள்ள கணினி தொட்டியத்தில் இருந்தாலும், அது பேசும் வழங்கி பெரும்பாலும் நெடுந்தொலைவில் உள்ள தரவு மையத்தில் இருக்கிறது.

இத்தகைய ஊர்களில் கணினி நிற்பதற்கு முதற்காரணம் பயனர் விருப்பம் அன்று, மின்தடை. 2012ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு நிலவியது. அந்தக் காலம் கடந்துவிட்டது. எனினும் கோடை இடி, காற்று, மாதாந்திரப் பராமரிப்பு ஆகியவற்றால் மின்தடை தொடர்கிறது.

இதனால் ஏற்படும் சிக்கலை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓர் அலுவலர் ஒரு பதிவைத் திருத்துவதற்காகத் திறக்கிறார். இருவர் ஒரே நேரத்தில் திருத்திவிடாதபடி தரவுத்தளம் அப்பதிவைப் பூட்டுகிறது. அப்போது மின்சாரம் போகிறது. அரை மணி நேரத்தில் மின்சாரம் வந்ததும் அலுவலர் மீண்டும் உள்நுழைந்து அதே பதிவைத் திறக்க முயல்கிறார். வேறொருவர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருப்பதாகப் பதில் வருகிறது. அந்த வேறொருவர், அரை மணி நேரத்துக்கு முந்தைய அவரேதான். தரவுத்தளத்துடன் நேரடியாக இணையும் பழைய வகைச் செயலிகளில் இது எளிதில் நேரக்கூடியது. உலாவி வழியே இயங்கும் செயலிகளில் பூட்டு இவ்வாறு நீடிப்பது குறைவு. ஆனால் ஒருவருக்கு ஓர் உள்நுழைவு மட்டுமே என்ற கட்டுப்பாடு உள்ள இடங்களில் "ஏற்கெனவே உள்நுழைந்துள்ளீர்கள்" என்ற வடிவில் அதே சிக்கல் தலைகாட்டும்.

வரிசையில் நிற்பவருக்கு இந்த விளக்கம் எதுவும் கிடைப்பதில்லை. "சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள்" என்பதே கிடைக்கும். வழங்கியோ நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கிறது; இறந்துபோன ஓர் இணைப்புக்கு மரியாதை கொடுத்துக் காத்திருக்கிறது. பேருந்தேறி வந்த விவசாயிக்கு அது ஒரு நாள் கூலி இழப்பு.

முதல் குறை: சொல்லாமல் மறைவது

மின்தடையின் மீது இயக்குதளத்துக்குக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் பயனரே முறைப்படி நிறுத்தும்போதும் கணினி சொல்லாமல் மறைவதுண்டு. இதற்கு வரிசைப் பிழையே காரணம்.

ஒரு நிரல் தானாக முடிந்தாலும் வலிந்து முடிக்கப்பட்டாலும், அது திறந்துவைத்த இணைப்புகளைக் கருனி மூடிவிடுகிறது. அப்போது முடிவுக் குறியோ மீட்டமைப்புக் குறியோ மறுமுனைக்குப் புறப்படும். அதாவது, நிரலை ஈவிரக்கமின்றிக் கொன்றாலும் விடைபெறுதல் நடந்துவிடும். ஒரே நிபந்தனை, அந்தக் குறி வெளியேறும் நேரத்தில் வலையமைப்பு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். வலையமைப்பை முதலில் இறக்கிவிட்டுப் பின்னர் நிரல்களை எவ்வளவு மென்மையாக நிறுத்தினாலும் பயனில்லை. மென்மையைவிட வரிசையே முதன்மையானது.

2015 ஏப்ரலில் வெளியான டெபியன் 8, சிஸ்டம்டி என்ற தொடக்க மேலாளரை இயல்பாக ஏற்றது. அதன்பின் சில அமைப்புகளில், தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியே நுழைந்து கணினியை மறுதொடக்கம் செய்தவர்களின் திரை அப்படியே உறைந்துபோனது. பயனர் அமர்வுகளைச் சிஸ்டம்டியிடம் பதிவு செய்யும் ஒரு துணைத்தொகுதி நிறுவப்படாத இடங்களில், அமர்வுகள் முடியுமுன்பே வலையமைப்பு இறக்கப்பட்டதே காரணம். அத்தொகுதியை நிறுவியதும் வரிசை சரியாகி, இணைப்பு மூடப்பட்ட செய்தி உடனே வந்தது. ஒரு சிறு தொகுதி இருப்பதையும் இல்லாததையும் பொறுத்து இவ்வளவு அடிப்படையான நடத்தை மாறியதே இங்குக் கவனிக்கத்தக்கது. விடைபெறுதல் வடிவமைப்பின் உறுதிமொழியாக இருக்கவில்லை, தற்செயலாக இருந்தது.

இது தமிழ்நாட்டுக்கு அந்நியமான செய்தி அன்று. சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்சு, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளிலும் இடம்பெற்றது. டெபியனில் எடுக்கப்படும் முடிவு அதன் வழிவந்த இயக்குதளங்களையும் தொடும்.

சிஸ்டம்டியின் வடிவமைப்பில் இதற்குச் சரியான விடை இருக்கவே செய்கிறது. தொடங்கும்போது ஒன்றன் பின் வருவது, நிறுத்தும்போது அதற்கு முன் நிற்கும் என்பது அதன் பொது விதி. வலையமைப்புக்குப் பின் தொடங்குமாறு குறிக்கப்பட்ட சேவை, வலையமைப்பு இறங்குமுன் நிறுத்தப்படும். அதற்கென உள்ள 'நெட்வொர்க் டார்கெட்' என்ற குறிப்புப் புள்ளியின் முதன்மைப் பயன் நிறுத்த வரிசையே என்று அதன் ஆவணங்களும் சொல்கின்றன. ஆனால் அப்பெயரைப் படிப்பவர், வலையமைப்பு வரும்வரை காத்திருப்பதற்கான வழி என்றே பொருள்கொள்கிறார். அந்த வேலைக்கு வேறொரு குறிப்புப் புள்ளி உண்டு. தொடக்கத்துக்குத் தேவையில்லை என்று இக்குறிப்பை நீக்கும் நிரலாளர், தன்னையறியாமல் நிறுத்த வரிசையையும் குலைத்துவிடுகிறார். நிறுத்தத்தைத் தொடக்கத்தின் நிழலாக மட்டும் கருதும் வடிவமைப்பின் பலவீனம் இது.

இரண்டாம் குறை: முடிவின்றிக் காத்திருப்பது

முதல் குறைக்கு நேரெதிரானது இரண்டாவது. இங்குக் கணினி விடைபெற விரும்புகிறது. ஆனால் மறுமுனை பதில் சொல்லும்வரை அணைய மறுக்கிறது.

என்எஃப்எஸ் என்ற வலைக் கோப்பு முறைமை இதற்குத் தெளிவான சான்று. தொலைவிலுள்ள வழங்கியின் கோப்புறை, தன் வட்டில் உள்ளது போலவே பயனருக்குத் தோன்ற வேண்டும் என்பது அதன் நோக்கம். எனவே வழங்கி பதில் தராவிட்டால், இயல்பமைப்பில் அது முடிவின்றி முயன்றுகொண்டே இருக்கும். தரவு அரைகுறையாக எழுதப்படாமல் காக்க இது தேவை. ஆனால் வலையமைப்பு இறங்கிய பின் அந்தக் கோப்புறையை விடுவிக்க முயன்றால், வராத பதிலுக்காகக் கணினி நின்றுவிடும். கம்பியில்லா இணைப்பில் சிக்கல் இன்னும் கூடுகிறது. அவ்விணைப்பைத் தாங்கும் நிரலும் நிறுத்தப்பட வேண்டிய நிரல்களுள் ஒன்றாகிவிடுகிறது.

சேவைகளுக்குச் சிஸ்டம்டி இயல்பாக 90 விநாடி அவகாசம் தருகிறது. ஒரு சேவை நிற்பதற்காகக் காத்திருப்பதாகத் திரையில் வரும் அறிவிப்பை லினக்சு பயனர்கள் பலரும் கண்டிருப்பர். தரவு மையத்தில் 90 விநாடி பெரிதன்று. பழைய மின்கலத்துடன் சில நிமிடம் மட்டுமே தாங்கும் யுபிஎஸ் உள்ள அலுவலகத்தில் அதுவே முழு அவகாசத்தையும் தின்றுவிடும். மறுமுனைக்கு மரியாதை காட்டக் காத்திருந்து, கடைசியில் மின்கலம் தீர்ந்து, தன் வட்டையும் ஒழுங்காக மூடாமல் கணினி அணையும்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் அனுபவம் இங்குப் பயனுள்ளது. அதில் மூன்று நிறுத்த முறைகள் உண்டு. முதலாவது, எல்லாப் பயனர்களும் தாமாக வெளியேறும்வரை காத்திருப்பது. இரண்டாவது, நடந்துகொண்டிருக்கும் பரிமாற்றங்களைத் திரும்பப் பெற்று, பயனர்களுக்குத் தெரிவித்து, இணைப்புகளை முறித்து நிறுத்துவது. மூன்றாவது, உடனடியாக நின்று, மறுதொடக்கத்தில் மீட்பது. நெடுங்காலம் முதல் முறையே இயல்பாக இருந்தது. ஒரே ஒரு பயனர் இணைப்பைத் திறந்துவைத்திருந்தாலும் நிறுத்தம் முடியாது என்பதே அதன் விளைவு. 2016 ஜனவரியில் வெளியான 9.5 பதிப்பு இரண்டாம் முறையை இயல்பாக்கியது. மற்ற மென்பொருள்களும் பின்பற்றத்தக்க திருத்தம் இது.

நல்ல முன்மாதிரிகள்

தமிழ்நாட்டு நாளேடுகளில் 'நாளைய மின்தடை' என்ற அறிவிப்பு வருவதுண்டு. எந்தெந்த ஊர்களில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை மின்சாரம் இராது என்பதை அது முன்கூட்டியே சொல்கிறது. மின்சாரம் நிற்பதில் மாற்றமில்லை. ஆனால் மாவு அரைப்பவரும் மோட்டார் போடுபவரும் தங்கள் வேலையை மாற்றி வைத்துக்கொள்ள முடிகிறது. வலை நெறிமுறைகள் சிலவற்றிலும் இவ்வறிவு தொடக்கத்திலேயே இருந்தது.

மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982இல் ஆர்எஃப்சி 821 ஆக வெளியானபோதே அதில் 421 என்ற பதில் எண் இடம்பெற்றது. தான் நிற்கப்போவது தெரிந்த வழங்கி, எந்தக் கட்டளைக்கும் பதிலாக இவ்வெண்ணை அனுப்பி இணைப்பை மூடலாம். அனுப்புநர் அஞ்சலைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு முயல்வார்.

2015இல் வெளியான எச்டிடிபி/2 இதை மேலும் செம்மைப்படுத்தியது. அதன் 'கோஅவே' என்ற செய்தி, வழங்கி மூடப்போவதைச் சொல்வதோடு, எந்தக் கோரிக்கை வரை தான் கையில் எடுத்திருக்கக்கூடும் என்பதையும் எண்ணிட்டுச் சொல்கிறது. அதற்குப் பிந்தைய கோரிக்கைகள் தொடப்படவில்லை என்பது உறுதியாவதால், பயனர் கணினி அவற்றை அச்சமின்றி வேறிடத்துக்கு அனுப்பலாம். நல்ல விடைபெறுதலின் இலக்கணம் இதுவே. போகிறேன் என்பது மட்டும் போதாது. எதுவரை முடிந்தது என்பதும் தெரிய வேண்டும். பணம் கட்டும் நேரத்தில் இணைப்பு அறுந்தவரின் முதல் கேள்வி, பணம் போனதா இல்லையா என்பதுதான்.

மாற்றுக் கருத்து

முறையான நிறுத்தமே தேவையற்றது என்ற கருத்தும் உண்டு. ஜார்ஜ் கேண்டியா, அர்மாண்டோ ஃபாக்சு ஆகியோர் 2003இல் முன்வைத்த 'வீழ்ச்சி மட்டும்' மென்பொருள் கோட்பாடு இதில் குறிப்பிடத்தக்கது. எப்படியும் ஒரு நாள் கணினி திடீரென வீழத்தான் போகிறது. அதிலிருந்து மீளும் வழியும் எழுதப்பட்டே ஆக வேண்டும். அப்படியிருக்க, முறையான நிறுத்தம் என்று தனியாக ஒரு வழி எதற்கு என்பது அவர்கள் வாதத்தின் சாரம். நிறுத்துவதும் வீழ்வதும் ஒன்றேயாக இருந்தால், மீட்பு வழி ஒவ்வொரு நாளும் சோதிக்கப்பட்டுப் பழுதின்றி இருக்கும்.

மின்தடை மிகுந்த ஊர்களுக்கு இக்கோட்பாடு மிகவும் பொருந்தும். முறையான நிறுத்தத்தையே நம்பி எழுதப்பட்ட மென்பொருள் அங்கே ஒரு கோடையைத் தாண்டாது. எனினும் வலையிணைப்பு குறித்து இதில் ஓர் இடைவெளி எஞ்சுகிறது. மறைந்த முனையைக் கண்டறியக் காலக்கெடுவையும், குறித்த காலத்துக்கு மட்டும் செல்லும் உரிமத்தையும் இக்கோட்பாடு நம்புகிறது. காலக்கெடுவை நீட்டினால் பூட்டு நீடிக்கும்; குறைத்தால், தடுமாறும் இணைப்பில் உயிரோடிருப்பவரும் இறந்தவராகக் கருதப்பட்டு வெளியேற்றப்படுவார். விடைபெறும் ஒரே ஒரு குறி இந்த இழுபறியைத் தேவையற்றதாக்குகிறது. அது வந்தால் உடனே பூட்டை விடலாம். வராவிட்டால் மட்டும் காலக்கெடுவுக்குக் காத்திருந்தால் போதும். ஆகவே முறையான விடைபெறுதல் சரிநிலைக்குத் தேவையற்றது, விரைவுக்குத் தேவையானது. இரண்டையும் குழப்பிக்கொள்வதே இவ்விவாதத்தின் பெரும்பகுதி.

நிறுத்த வரிசை

மேற்கண்டவற்றிலிருந்து, ஒரு கணினி நிற்கும்போது பின்பற்றத்தக்க வரிசையைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. புதிய இணைப்புகளை ஏற்பதை முதலில் நிறுத்த வேண்டும்.
2. நிற்கப்போவதை, நெறிமுறை இடமளிக்கும் வகையில் மறுமுனைகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.
3. நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு வரையறுத்த அவகாசம் தர வேண்டும். மின்கலத்தில் இயங்கும்போது இது இன்னும் குறைய வேண்டும்.
4. அவகாசம் முடிந்ததும், வலையமைப்பு இயங்கும்போதே, எஞ்சிய நிரல்களை வலிந்து முடிக்க வேண்டும்.
5. தொலைவிலுள்ள கோப்புறைகளை விடுவிக்க வேண்டும். வழங்கி பதில் தராவிட்டால் காத்திராமல் கடந்து செல்ல வேண்டும்.
6. வலையமைப்பை இறுதியில் இறக்க வேண்டும். கடன்பெற்ற வலை முகவரியைத் திருப்பித் தருவது, 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2131இன்படி விருப்பத்துக்குரியது. மறுதொடக்கத்துக்கு அது தேவையில்லை.
7. கணினியின் வட்டை மூடி அணைய வேண்டும்.

இவ்வரிசை மென்பொருளோடு முடிவதில்லை. கணினிக்கு யுபிஎஸ் இருந்தும், வலையமைப்புச் சுவிட்சும் மோடமும் நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகப்பட்டிருந்தால், மின்தடையின் முதல் நொடியிலேயே வலையமைப்பு இறந்துவிடும். பிறகு கணினி எவ்வளவு ஒழுங்காக விடைபெற்றாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. அவ்விரு சிறு கருவிகளும் மிகக் குறைந்த மின்சாரமே எடுப்பவை. அவற்றை அதே யுபிஎஸ்ஸில் செருகுவது, இக்கட்டுரையில் கூறப்பட்ட திருத்தங்களிலேயே செலவு குறைந்தது.

எஞ்சியிருப்பவரின் பொறுப்பு

எவ்வளவு திருத்தினாலும் சில மறைவுகள் சொல்லாமல்தான் நிகழும். ஆகவே இறுதிப் பொறுப்பு, விளக்கு அணையாத பக்கத்தில் இருக்கும் வழங்கிக்கே உரியது. இரண்டு மணி நேர உயிர்ப்புச் சோதனை, ஒவ்வொரு பொதியின் செலவையும் எண்ணிப் பார்த்த 1989ஆம் ஆண்டின் கவலையில் பிறந்தது. இன்று ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுப் பார்ப்பது எந்த வட்ட அலுவலக இணைப்புக்கும் சுமையன்று.

இதற்கான கருவிகள் கைவசம் உள்ளன. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 2016இல் வெளியிட்ட 9.6 பதிப்பில், பரிமாற்றத்தைத் திறந்துவைத்துவிட்டுச் சும்மா இருக்கும் அமர்வைக் குறித்த நேரத்தில் முடிக்கும் அமைப்பைச் சேர்த்தது. எஸ்எஸ்எச் வழங்கியிலும் பயனர் உயிரோடிருக்கிறாரா என்று சோதிக்கும் அமைப்பு உண்டு. இரண்டும் இயல்பாக முடக்கியே வைக்கப்பட்டுள்ளன. மின்சாரம் போகாத அறையில் அமர்ந்து எடுக்கப்பட்ட முடிவுகள் இவை. தொட்டியம் போன்ற ஊர்களுக்குச் சேவை வழங்கும் மென்பொருளை நிறுவுவோர், இவ்வியல்பமைப்புகளை அப்படியே விடுவது கவனக்குறைவாகும்.

மதிப்பீடு

சொல்லாமல் மறைவதும் முடிவின்றிக் காத்திருப்பதும் எதிரெதிர்க் குறைகளாகத் தோன்றினாலும் அவற்றின் வேர் ஒன்றே. வலையமைப்பைக் கணினியின் ஓர் உறுப்பாக, வட்டு, விசைப்பலகை போன்ற கருவியாக, இயக்குதளங்கள் நடத்துகின்றன. கருவி என்று கொண்டால் எப்போது வேண்டுமானாலும் அணைக்கலாம். அல்லது அது எப்போதும் பதில் தரும் என்று நம்பிக் காத்திருக்கலாம். இணைப்பு இருவருக்குப் பொதுவானது என்று கொண்டால் இரண்டுமே தவறென்பது விளங்கும். மறுமுனைக்குச் சொல்ல வேண்டிய கடமை உண்டு. மறுமுனையின் அனுமதிக்காகக் காத்திருக்கும் கடமை இல்லை.

வீட்டைவிட்டுக் கிளம்புபவர் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போவது தமிழ் வழக்கம். உள்ளிருந்து பதில் வரும்வரை அவர் வாசலில் நிற்பதில்லை. பேருந்தைப் பிடிக்க வேண்டும். சொல்லாமலே போக நேர்ந்தால், வீட்டிலிருப்பவர் சிறிது நேரத்தில் எழுந்து பார்த்துக் கதவைச் சாத்திக்கொள்வார். இன்றைய கணினிகள் முதலாவதைச் சில வேளைகளில் மறக்கின்றன, இரண்டாவதில் தடுமாறுகின்றன, மூன்றாவதற்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கின்றன. இம்மூன்றையும் திருத்தப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. வரிசையும் காலவரம்பும் ஏற்கெனவே உள்ளன; மின்சாரம் போகும் ஊரை நினைவில் வைத்து அவற்றை இயல்பமைப்பாக்குவதே எஞ்சியிருக்கிறது.